எதிர்க் கடைக்குப் போன அளவு ஜாக்கெட்டுகள்

பொறாமைப்படக் கூடாது என்று சொல்கிறவர்களின் கடைக்கு எதிரில் இன்னொரு கடை திறந்திருக்காது. என் கடைக்கு எதிரில் திறந்தது. பரவை மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் நான் ஜாக்கெட் தைக்கிற கடை இருக்கிறது. நேர் எதிரில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிற ஒரு சின்ன அறை இருந்தது. அவர்கள் காலி செய்துவிட்டுப் போன கையோடு, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவளான ஒருத்தி தையல் மெஷினோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். நான் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் அவள் முகம்தான் தெரியும். மழை பெய்தால் ஷட்டரைப் பாதி இறக்குவாள். அப்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊர்ச் சேதி எல்லாவற்றையும் சில்லறையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "சிம்மக்கல்லுல ஒரு கடைக்கு மொத்தமா நைட்டி தச்சுக் குடுத்துக்கிட்டிருந்த புள்ளயாம். இங்கிட்டு வாக்கப்பட்டு வந்துருக்கு" என்றார். நைட்டி தைத்தவளா என்று நான் சிரித்தேன். நைட்டியை யார் வேண்டுமானாலும் தைக்கலாம், அது தலைக்கும் கைக்கும் ஓட்டை வைத்த சாக்கு. ஜாக்கெட் அப்படியா? தோளில் அரை விரல் கூடினால் சரிந்துகொண்டே இருக்கும், குறைந்தால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியாது. "ஆறு மாசம் தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன். அவ்வளவு தெம்பாக இருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டேப்பைப் பிடித்து உடம்பை அளப்பதெல்லாம் முதல் முறை வருகிறவர்களுக்குத்தான். மற்றவர்கள் தங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அது தையல்காரியிடமே கிடக்கும். பிறகு துணியை மட்டும் கொடுத்தால் போதும். என் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தேன். யாருடையது எது என்று சீட்டு எழுதிக் குத்துகிற வேலை எல்லாம் கிடையாது. ஜாக்கெட்டைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரியும். புதிதாக ஒருத்தி வந்து அந்தச் சுவரைப் பார்த்தால் பேசாமல் துணியைக் கொடுத்துவிட்டுப் போவாள். அதுதான் என் விளம்பரம்.

ஆனால் அதே பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருத்தி வந்து, "அக்கா, அந்த அளவு ஜாக்கெட்ட ஒரு தடவ தாங்க, ஒரு விசேசத்துக்குப் போடணும்" என்று கேட்டால், நாம் புரிந்துகொள்ள வேண்டும். உன் கடை வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே கேட்பார்கள், நாமும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்போம். அந்த ஜாக்கெட் திரும்பி வராது.

எதிர்க் கடைக்காரி வந்ததும் செய்த முதல் காரியம் போர்டு மாட்டியது. பெயர் எழுதிய போர்டு இல்லை, விலை எழுதிய போர்டு. சாதா ஜாக்கெட் இவ்வளவு, லைனிங் வைத்தால் இவ்வளவு, பட்டு என்றாலும் அதே விலைதான். தீபாவளி, கிறிஸ்துமஸ், முகூர்த்த மாதம் எதற்கும் விலை மாறாது என்று கீழே வேறு எழுதி வைத்திருந்தாள். எங்கள் தொழிலில் யார் விலையை எழுதி மாட்டுவார்கள்? துணியைப் பார்த்து, ஆளைப் பார்த்து, அவர்களுக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்து அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் விலை. கல்யாணத்துக்குக் கணக்குப் பார்க்காமல் பட்டு எடுக்கிறவர்கள் எனக்கு ஐம்பது, நூறு கூடக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இதில் என்ன அநியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் விலை குறைத்துப் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. தொழிலைக் கெடுக்க வந்தவள் என்று நாலு பேரிடம் வாய் நிறையத் திட்டியிருப்பேன். சாதா ஜாக்கெட்டுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தாள். அப்படியும் போனார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் துணி தையல்காரிக்குத்தான் என்பது எழுதாத சட்டம். ஒட்டுப் போட, நாடா தைக்க, ஓரத்துக்குப் பட்டை வைக்க எங்களுக்கு உதவும். அவளோ ஒரு விரல் அகலத் துண்டைக்கூட விடாமல் சுருட்டி, தைத்த ஜாக்கெட்டோடு பையில் போட்டுக் கொடுத்தாள். அதை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள், குப்பையில்தான் போடுவார்கள் என்று நான் சொன்னேன். அவர்கள் போடவில்லை. மகளின் தலையில் ரிப்பனாக ஏறி அம்மாவின் ஜாக்கெட் துணி தெருவில் ஓடியது. போதாததற்கு, தைக்கும்போதே உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்தாள். உடம்பு போட்டாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் காசு கிடையாது. பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் வரிசையாக அங்கே போய் நின்றார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது அவள் தேதி சொல்கிற விதம்தான். தையல் கடையில் ஒரு பேச்சு உண்டு. துணியை இன்னும் வெட்டியிருக்கவே மாட்டோம், "எல்லாம் முடிஞ்சது, கொக்கி மட்டும்தான் வைக்கணும், நாளைக்கு வாங்க" என்போம். இது பொய் என்று எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மறுநாள் வருவார்கள், ஸ்டூலில் உட்காருவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், டீ குடிப்பார்கள். அப்படித்தானே பழக்கம் வளரும்? எதிரில் யாரும் ஸ்டூலில் உட்காரவே இல்லை. சொன்ன நாளில் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, என்ன கடை அது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் ஸ்டூல் காலியாகிக்கொண்டே வந்தது.

என் சுவரில் இடைவெளி விழத் தொடங்கியது. முதலில் மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருப்பவர் மனைவி வந்து, ஒரு விசேஷம் என்றார். பிறகு அரிசிக்காரம்மா வந்து இன்னொரு விசேஷம் என்றார். அந்த மாதம் எங்கள் ஊரில் நடந்த விசேஷங்களைப் போல் எப்போதும் நடந்ததில்லை. இடைவெளி தெரியாமல் இருக்க மிச்சம் இருந்ததைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டேன். அவள் கடை வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தே யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்கிற அளவுக்கு எனக்குத் தேர்ச்சி வந்தது. தைக்கும்போதும் என் பாதிக் கண் அங்கேதான் இருந்தது. ஒரு நாள் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"அவ கடைய நீ பாக்குற நேரத்துல ரெண்டு ஜாக்கெட்டு தச்சுருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு பிரைவேட் பஸ்ஸு போயி ஆள அள்ளிக்கிட்டா நீங்க சும்மா இருப்பீகளா?"

"எனக்கென்ன, சம்பளம் வந்துரும்" என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்தான்.

ஒருமுறை எவளோ ஒருத்தி, விவரம் தெரியாமல், எதிர்க் கடைக்காரி தைத்த ஜாக்கெட்டையே எனக்கு அளவு ஜாக்கெட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் கதவைப் பாதி சாத்திவிட்டு, அதை உள்பக்கம் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். கை சேருகிற இடம், கழுத்து வளைவு, கொக்கிப் பட்டி எதிலும் ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசியில் அக்குளுக்கு அடியில் ஒரு நூல் வெட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் ஒரு ஜாக்கெட் மட்டும் கயிற்றில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது கணக்கு டீச்சருடையது. பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் கடை போட்ட புதிதில் முதல் துணி கொடுத்தவர் அவர்தான். அவர் ஒருத்தர் மட்டும் என்றால்கூட நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஒரே மாதிரிச் சேலை எடுப்பார்கள். எல்லா ஜாக்கெட் துணியையும், அவரவர் அளவு ஜாக்கெட்டையும் ஒரு பெரிய பையில் போட்டு கணக்கு டீச்சர்தான் தூக்கிக்கொண்டு வருவார். அந்தப் பை வந்தால்தான் எனக்கு அந்த வருஷம் ஓடும். ஓடிப்போனவர்கள் எல்லாம் போகட்டும், அந்தப் பை இந்தப் பக்கம் வந்தால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அழகர்கோவிலுக்கு வேண்டிக்கொண்டேன். டீச்சரின் சாமிக்கும் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

டிசம்பர் பிறந்து, தெருவில் வீடுகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு சாயங்காலம் டீச்சர் பையோடு தெரு முனையில் திரும்பினார். நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். அவர் நேராக எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பு வரும். அப்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. இம்புட்டு வருஷமா, இம்புட்டு வருஷமா என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. பை அவள் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. இருவரும் ஏதோ பேசினார்கள். அவள் ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். டீச்சர் என் கடைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு தெருவைக் கடந்து என்னை நோக்கி வந்தார். முட்டிய கண்ணீரில் அவர் தோளில் என்ன தொங்கியது என்றுகூட நான் பார்க்கவில்லை. அவருடைய அளவு ஜாக்கெட்டைக் கேட்கத்தான் வருகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் முகத்தில் எறிந்தாற்போல் கொடுத்துவிட வேண்டும் என்று அதைக் கயிற்றிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் அந்தப் பெரிய பையை என் மேஜைமேல் வைத்தார்.

"விழா வெள்ளிக்கெழம. வியாழக்கெழம காலையில எனக்கு வேணும். முடியுமா?" என்று கேட்டார்.

கையிலிருந்த ஜாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அதாலேயே மேஜையைத் துடைத்தேன். "இதென்ன கேள்வி டீச்சர்" என்றேன். அவர் போனதும் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தேன். அவளும் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே நான் அத்தனை மாதம் காத்திருந்தது போல் இருந்தது. விலைப் போர்டு போட்டாய், துண்டுத் துணி சுருட்டிக் கொடுத்தாய், கடைசியில் பை எங்கே வந்தது என்று மனதுக்குள் கேட்டேன்.

அந்த நாட்களில் நான் தைத்தது போல் என் ஆயுசில் தைத்ததில்லை. அவள் வாசலில் நிற்கிறவர்கள் யார் என்று பார்க்கவில்லை. மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தைத்தேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார், அதையும் வாங்கிக்கொண்டேன். அவள் செய்வதில் ஒன்றுகூட என்னிடம் குறையக் கூடாது என்று உள்ளே துணி விட்டேன். துண்டுகளைச் சுருட்டிப் போட்டேன். பண்டிகை அவசரத்துக்கு என்று வழக்கமாக வாங்குகிற கூடுதலையும் விட்டேன். வியாழக்கிழமை என்று சொன்னதைப் புதன்கிழமையே மடித்து, கொக்கி எல்லாம் வைத்து, பையில் அடுக்கி, எதிரே தெரிகிற மாதிரி மேஜையின் முன்பக்கம் வைத்தேன். வியாழக்கிழமை டீச்சர் வந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க எங்கயும் போக மாட்டீகன்னு. நேத்து வந்தவளும் நானும் ஒண்ணா?" என்றேன்.

டீச்சர் ஜாக்கெட்டை மடித்து உள்ளே வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"ஏம்மா, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு. மொதல்ல அங்கதான் கொண்டு போனேன். அந்தப் புள்ளதான், கையில பிடிச்ச வேலை நெறைய கெடக்கு டீச்சர், இம்புட்டும் வாங்கி வச்சுக்கிட்டு உங்கள அலைய விட மாட்டேன், எதுத்தாப்புல அக்காகிட்டக் குடுங்க, அவுக கை நேர்த்தியா இருக்கும்னு சொல்லி இங்கிட்டு அனுப்புச்சு."

என் முகம் எப்படிப் போயிற்றோ, டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். "நான்கூடச் சொன்னேன், அவ தையல்ல ஒரு குறையும் கெடையாது, சொன்ன நாளைக்குத் தர மாட்டாளே, வருசா வருசம் விழா அன்னிக்குக் காலையில ஈரத் தலையோட அவ கடையில நிக்கிறோமேன்னு. அதுக்கு அந்தப் புள்ள, இந்தத் தடவ தருவாக டீச்சர், தரலைன்னா துணிய அப்படியே வாங்கிட்டு வந்துருங்க, மத்ததெல்லாம் நிப்பாட்டிட்டு நான் தச்சுத் தாரேன், அதுக்கு நான் பொறுப்புன்னுச்சு. அந்தத் தைரியத்துலதான் குடுத்தேன்."

டீச்சர் காசைக் கொடுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அடுத்த வருசத்துக்கு அதுகிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன். முன்னாடியே சொன்னா எடுத்துக்கிறேன்னு சொல்லிருக்கு. அந்த என் அளவு ஜாக்கெட்ட எடுத்துக் குடுத்துரும்மா" என்றார். ஏதோ விசேஷத்துக்குப் போட வேண்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் தெரு முனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன். பிறகு செருப்புக்கூடப் போடாமல் எதிர்க் கடைக்குப் போனேன். அந்த வாசற்படியை அன்றைக்குத்தான் முதல் முறை மிதித்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்று எழுந்தாள்.

"உக்கார வரல. யாரக் கேட்டு நீ எனக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்ட? நான் உங்கிட்டக் கேட்டனா? நான் நேரத்துக்குத் தருவேன்னு சொல்ல நீ யாரு?"

தெருவில் போகிற ஒரு ஆட்டோ நின்று வேடிக்கை பார்த்தது. அவள் பயப்படவில்லை. கழுத்தில் மாலை மாதிரி கிடந்த டேப்பைச் சரிசெய்துகொண்டாள். சிரிப்பை அடக்க முயன்றாள், முடியவில்லை.

"கோவிச்சுக்காதீகக்கா. அந்தப் பை எங்கடையிலருந்து எறங்கி உங்க கடைக்கு வந்தத நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? அதுக்கப்பறம் நேரத்துக்குத் தராம விட்ருவீகளா? ஒரு நாள் முன்னாடியே தருவீகன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரியாம நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்."

நான் திரும்பி என் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். என்னால் அவளைத் திட்ட முடியவில்லை, அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவளும் தைத்துக்கொண்டே என்னைப் பார்த்திருக்கிறாள். என் பேச்சை ஊரில் யாருமே நம்பாதபோது, அவள் என் பொறாமையை நம்பி ஒரு டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். நானும் அதை ஒரு நாள் முன்னதாகவே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.